இடது பக்கத்து ஸ்டூல்

ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடுகிறதா? எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணனைப் பற்றித் தந்தியில் சொன்னது பாதிதான். மீதியை இதில் எழுதுகிறேன்.

உயிருக்கு ஆபத்து இல்லை. வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். போனது பேச்சு. அதிலும் முழுப் பேச்சு இல்லை, பெயர்கள்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டி "அது… அது…" என்கிறார். நேற்று சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு வகிடு எடுத்து ஒழுங்காக வாரிக்கொண்டார். கைக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கடிகாரக் கூடத்தில் ஏழு வருடம் பட்டையும் பேட்டரியும் மாற்றும் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு, சாவி கொடுக்கும் கடிகார மேசையைத் திரும்பக் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை போய் உட்கார வேண்டும். சனிக்கிழமை குளியலறையில் விழுந்தார்.

மேலாளர் வீட்டுக்கே வந்து பார்த்தார். புது ஆள், நல்ல மனிதர். "ஆறு மாசம் அந்த இடத்தைக் காலியா வைக்கிறேம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல. ஜூலை பத்தாம் தேதி ஒரு வாட்ச்சைக் கொடுப்பேன். கழட்டி மாட்டிட்டார்னா இடம் அவருக்குத்தான்" என்றார். கை வேலை செய்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். "எங்ககிட்ட பேர் சொல்லித்தான் கழட்டணும். கழட்டறவர் ஒவ்வொண்ணா சொல்லணும், பக்கத்துல ஒருத்தர் அட்டையில குறிக்கணும். வாய் தொறக்காம திருகாணியத் தொடக்கூடாது" என்றார்.

எனக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியும். அவ்வளவுதான். நீ இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை எழுதியவன். உள்ளே என்னென்ன இருக்கின்றன, எது எதற்கு, எந்த வரிசையில் கழற்றுவது என்று என் மரமண்டைக்கு ஏறும்படி எழுது. நான் படித்து அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

உடனே எழுது.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு வணக்கம்.

நலம். அறையில் ஒரு ஜன்னல், எதிரே ஒரு சுவர். வேறு விசேஷம் இல்லை. அண்ணனின் கால் இப்போது எப்படி?

வெளியிலிருந்து உள்ளே போகிறேன். பின்பக்கத்தில் படமும் வரைந்திருக்கிறேன்.

கண்ணாடி, முள்கள், டயல். இது முகம். இவற்றை எடுத்துவிட்டாலும் கடிகாரம் ஓடும். மணி காட்டுவது அதற்கு இரண்டாம் வேலை.

மெயின் ஸ்பிரிங். நீளமான எஃகு நாடா. பேரல் என்ற வட்ட டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும். சாவி கொடுத்தால் இறுகும். இறுகியது விரியப் பார்க்கும். அந்த விரியப் பார்த்தல்தான் கடிகாரத்தின் பவர்.

கிளிக். ஸ்பிரிங் ஒரே மூச்சில் விரிந்துவிடாமல் தடுக்கும் சின்ன நகம். சாவி கொடுக்கும்போது கேட்கும் கிர்ரென்ற சத்தம் இதனுடையது.

பிறகு மூன்று பல்சக்கரங்கள் (பேரலை முதல் சக்கரமாக எண்ணுவோம்). சென்டர் வீல் ஒரு மணிக்கு ஒரு சுற்று, நிமிட முள் அதன்மேல். நான்காம் வீல் நிமிடத்துக்கு ஒரு சுற்று, நொடி முள் அதன்மேல். இடையில் மூன்றாம் வீல். அதன்மேல் முள் ஏதும் இல்லை. ஒருவர் வேகத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவது மட்டும்.

எஸ்கேப் வீல். வளைந்த பற்கள்.

பாலட். நங்கூரம் போல இருக்கும். இரு முனையிலும் சிவப்புக் கல். எஸ்கேப் வீலின் ஒரு பல்லை விடும், அடுத்ததைப் பிடிக்கும். டிக் டிக் என்பது இந்த இடம்.

பேலன்ஸ் வீல். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதன் நடுவில் ஹேர் ஸ்பிரிங். போனதைத் திரும்ப அழைப்பது அதன் வேலை.

கழற்றும் வரிசை: முள்கள், டயல், பேலன்ஸ், பாலட், வீல்கள், கடைசியில் பேரல்.

இவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அண்ணன் இப்போது கம்பு இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. அங்கே தந்திக்குப் போல எழுத்து எண்ணித்தான் விடுகிறார்களா? இருந்தாலும் புரிந்தது. மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். காய் நறுக்கும்போது "பாலட், பேலன்ஸ், பாலட், பேலன்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு மாடிவீட்டு டீச்சர், "என்ன, புருஷனுக்குப் பதிலா நீ வேலைக்குப் போறியா?" என்று கேட்டார்.

உன் அண்ணனோடு வேலை பார்க்கும் பாலிஷ்காரர் ஒரு செத்த கடிகாரத்தின் உறுப்புகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வெள்ளைத் தட்டில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அங்கேதான் சிக்கல்.

அவர் சும்மா இருப்பதில்லை, சொல்கிறார். எல்லாம் தப்பு. பாலட்டைக் காட்டினால் "கஞ்சன்" என்கிறார். "இல்லீங்க, பாலட். சொல்லுங்க, பா-லட்" என்றால் முகம் சுருங்கிப் போகிறது. மறுநாளும் கஞ்சன். சென்டர் வீலைக் காட்டினேன். "மாமியார்" என்றார். உன் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அவர்களைக் கனவில் கண்டாரோ என்று பயந்துவிட்டேன். பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் சொன்னேன். தவறான சொல் பதிந்துவிடக் கூடாது, உடனே திருத்துங்கள் என்றார். திருத்துகிறேன். நோட்டில் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி போட்டு வருகிறேன்.

நேற்று தட்டைக் கையால் தள்ளிவிட்டார். தரையில் தவழ்ந்து எல்லாவற்றையும் பொறுக்கினேன். அவரும் கூடவே உட்கார்ந்து பொறுக்கினார். சின்னதெல்லாம் அவர் கண்ணுக்குத்தான் அகப்பட்டது.

வேறு வழி ஏதாவது தெரியுமா?

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. பெருக்கல் குறிகளை அழியுங்கள். அண்ணன் சொன்னது எல்லாம் சரி.

அவை நாங்கள் வைத்த பெயர்கள். அவர் மேசையில் கழற்றுவார், நான் அட்டையில் குறிப்பேன். நாள் முழுக்க அதே பத்துப் பெயர். சலித்துப்போய் அண்ணன் பட்டப்பெயர் வைத்தார். அவர் "கஞ்சன்" என்பார், நான் அட்டையில் பாலட் என்று எழுதுவேன். பழைய மேலாளருக்குக் கடைசி வரை தெரியாது.

பாலட் கஞ்சன், ஏனென்றால் ஒரு தடவைக்கு ஒரு பல்தான் விடும். "அள்ளிக் கொடுத்தா ஒரே நிமிஷத்துல குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்டா. இந்த வீட்ல கஞ்சன்தான் நல்லவன்" என்பார்.

சென்டர் வீல் மாமியார். வீடே அவரைச் சுற்றித்தான் நடக்கும், ஆனால் அவர் மட்டும் மணிக்கு ஒரு முறைதான் அசைவார். (அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் எங்கள் இருவருக்கும் சோறு கிடைத்திருக்காது.)

மெயின் ஸ்பிரிங் பெரியப்பா. கோபத்தை அடக்கிக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார். பேரல் பானை. கிளிக் காவல்காரன். மூன்றாம் வீல் தூது. நான்காம் வீல் அவசரக்காரி. எஸ்கேப் வீல் பல்லன். பேலன்ஸ் ஊஞ்சல். ஹேர் ஸ்பிரிங் மூச்சு.

ஒன்றும் மறக்கவில்லை அவருக்கு.

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். யாருக்கும் உதவாத பெயர்கள் என்று நினைத்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம், உன் பெரியப்பா, மாமியார், அவசரக்காரி உட்பட.

உன் கடிதத்தைப் பிரித்ததும் ஊசி இடுக்கியால் பாலட்டைத் தூக்கிக் காட்டி, "இது கஞ்சன்தானே?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. "கஞ்சன்" என்றார். "அப்ப இது?" "பல்லன்." "இது?" "அவ… அவசர…" "அவசரக்காரி!" என்று நான் முந்திக்கொண்டேன். கையைத் தட்டிவிட்டார், தானே சொல்ல வேண்டுமாம். ஒரு வாரத்தில் பத்தும் வந்துவிட்டன. அதோடு டம்ளரும் வந்தது, செருப்பும் வந்தது. நான் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்தால் "இங்க… இங்க வா" என்பார். அது போதும் இப்போதைக்கு.

ஒரு மாதம் சரியான விடைக்கெல்லாம் தப்புப் போட்டேனே, அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "கஞ்சன்னு சொன்னா என்ன, கர்ணன்னு சொன்னா என்ன? அட்டை எழுதறவருக்குப் புரிஞ்சா சரி. நீங்களே பக்கத்துல உக்காந்து எழுதுங்க. நடந்துச்சுன்னா அப்புறம் ஒரு ஆளைப் பழக்கிக்கலாம்" என்றார். ஆக, ஜூலை பத்தாம் தேதி அட்டை என் கையில்.

ஒன்று கேட்கிறேன், நீ அங்கே இருந்தவன். அண்ணனை எதற்காகப் பட்டை மேசைக்கு மாற்றினார்கள்? ஏதோ ஒரு கடிகாரத்தை உடைத்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். "நான்தான் மறந்துட்டேன்" என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். இப்போது கேட்டுப் பயனும் இல்லை.

பரீட்சைக்கு நீயும் வந்துவிடேன். பக்கத்தில் நீ இருந்தால் அவருக்குத் தெம்பாக இருக்கும்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு வணக்கம்.

நலம். பதில் தாமதம். தேர்வுத் தாள்கள் திருத்தும் வேலை.

அண்ணன் பத்தும் சொன்னதைப் பலமுறை படித்தேன்.

நீங்கள் பழக இன்னும் சில விவரங்கள். கடிகாரத்தின் மேல் பதினேழு கல் என்று எழுதியிருப்பார்கள். விலையுயர்ந்த கற்கள் இல்லை. சக்கரங்களின் அச்சு முனை தேயாமல் சுழல்வதற்கான சின்னக் குழிகள். அச்சு முனை தலைமுடி அளவு. ஊதினால் உடையாது. ஆனால் சக்கரங்கள் கட்டின்றிச் சுழன்றால் உடைந்துவிடும். எண்ணெய் ஊசிமுனையில் பாதி. அதிகமானாலும் கெடுதல்.

திருகாணிகளை எடுத்த வரிசையிலேயே வையுங்கள்.

ஜூலையில் வர இயலாது. இங்கே விடுமுறை இல்லை.

நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. நீங்கள் கேட்கவில்லை. ஏனோ எழுதத் தோன்றியது.

தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாம் சுமார்.

வர முடியாது என்றால் சரி. நான் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் இல்லை. அதுவும் சரி.

பிரிந்து கிடக்கும் உறுப்புகளின் பெயர் சொல்வது முடிந்துவிட்டது. இனி முழுக் கடிகாரம் என்று, பாலிஷ்காரர் கையில் கட்டியிருந்த தன்னுடையதையே அவிழ்த்துக் கொடுத்தார். ஓடுகிற கடிகாரம். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விளக்கை இழுத்து வைத்து, அட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டார்.

முள்ளை எடுத்தார், சொன்னார். டயலை எடுத்தார், சொன்னார். பிறகு அந்தக் காவல்காரனை, கிளிக்கை, விரல் நுனியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, சாவித் திருகை இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல நழுவவிட்டார். கிர்ரென்று பின்னால் ஓடி நின்றது. நீ எழுதின வரிசையில் இது இல்லை.

அதோடு நின்றுவிட்டார்.

இடுக்கி பிடித்த கை அந்தரத்தில். தலையை மட்டும் இடது பக்கம் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை, சுவர். நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். "எடுங்க" என்றேன். அசையவில்லை. "ஊஞ்சல்… ஊஞ்சலை எடுங்க." இல்லை. வாய் ஏதோ சொல்ல வருகிறது, வரவில்லை. சட்டை முதுகு நனைந்துவிட்டது. கடைசியில் நானே இடுக்கியை வாங்கி வைத்தேன்.

ஐந்து நாளாக இப்படித்தான். அதே இடத்தில், அதே மாதிரி. இது என்ன?

அண்ணி


மே 16

அண்ணிக்கு வணக்கம்.

நலம்.

களைப்பாக இருக்கலாம். விளக்கின் கூச்சமாகவும் இருக்கலாம். சில நாள் ஓய்வு கொடுங்கள். இடையில் விட்டுத் தொடங்கினால் சரியாகும் என்று நினைக்கிறேன்.

மழை பெய்கிறது இங்கே.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஓய்வு கொடுத்தேன். விளக்கை மாற்றினேன். மாடிவீட்டு டீச்சர் சொன்னார் என்று மேசையைத் திருப்பிக்கூடப் போட்டேன். முள், டயல், அப்புறம் அந்தத் திருகை நழுவவிடுவது. உடனே இடது பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். மேசையை எப்படிப் போட்டாலும் இடதுதான்.

பாலிஷ்காரரைக் கேட்டேன். "பவர் இறக்கறதும்மா அது. அதைப் பண்ணாம உள்ள கை வச்சா சக்கரமெல்லாம் பேய் பிடிச்ச மாதிரி சுத்தும். யாருக்குமே அதுதான் முதல் பாடம்" என்றார். முதல் பாடத்தை நீ ஏன் எழுதவில்லை? ஊசிமுனை எண்ணெய் வரை எழுதினாயே.

இறக்கின பிறகு எதற்காக நிற்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை. "பக்கத்து ஆள்கிட்ட ஏதோ கேப்பாரு. ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தம்பியக் கேளுங்க" என்றார்.

உன் ஸ்டூல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். இடது பக்கம் என்றார்.

ஆகவே கேட்கிறேன். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் நீ. அந்த இடத்தில் நீ என்ன செய்வாய்? என்ன சொல்வாய்? நானும் இடது பக்கம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சரி என்றேன். ஆகட்டும் என்றேன். உன் பெயரைக்கூடச் சொல்லிப் பார்த்தேன், கண் கலங்கினாரே ஒழிய கை இறங்கவில்லை.

இந்த ஒரு இடத்தைத் தாண்டினால் போதும், மற்றதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஜூலை பத்துக்கு இன்னும் ஐந்து வாரம். இந்தக் கடிதம் உன்னிடம் வர பத்து நாள், பதில் வர பத்து நாள். ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

சாப்பிடு. மழையில் வெளியே போகாதே.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். பேனா எடுத்தால் மற்ற எல்லாவற்றின் பெயரும் வந்தது.

அண்ணன் பவரை இறக்குவார். இறக்கியதும் நான் அட்டையில் குறிப்பேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "இறக்கியாச்சா?" என்று கேட்பார். செய்தது அவர்தான், ஆனாலும் கேட்பார். "கை பொய் சொல்லும்டா. அட்டையப் பார்த்து நீ சொல்லு" என்பார். நான் அட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, குறியின்மேல் விரலை வைத்து, "இறக்கியாச்சு" என்பேன். அதன் பிறகுதான் ஊஞ்சலைத் தொடுவார். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இப்போது அவருக்குக் கேள்வி வாயில் வரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறார்.

நீங்கள் கேட்ட அந்த உடைந்த கடிகாரம். அண்ணன் பவரை இறக்கினார், நான் குறித்தேன். அவர் தேநீர் குடிக்கப் போனார். ஸ்பிரிங் இழுக்கிறதா என்று பார்க்க நான் நாலு சுற்று சாவி கொடுத்தேன். வேறு காரணம் இல்லை, கை சும்மா இல்லை. கொடுத்தால் குறியை அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. மேசைக்கடியில் ஒரு புத்தகம் விரித்து வைத்திருந்தேன். அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஊஞ்சலை எடுக்கும் முன் மறுபடி "இறக்கியாச்சா?" என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "இறக்கியாச்சு" என்றேன்.

அவர் ஊஞ்சலை எடுத்தார். கஞ்சனைத் தூக்கினார். சக்கரங்கள் சீறின. ஒரு நொடிகூட இல்லை. மூன்றாம் வீலின் அச்சு முனை போயிற்று. பல்லனும் போயிற்று. செத்துப்போன ஒருவருடைய கடிகாரம் அது. அவர் மனைவி கொண்டுவந்தது. அதற்கு மாற்று உறுப்பு கிடைக்கவில்லை.

மேலாளர் வந்து நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். "நான்தான் மறந்துட்டேன் சார்" என்றார் அண்ணன்.

நான் வாய் திறந்திருக்கலாம். அன்று மாலை திறந்திருக்கலாம். அவர் பட்டை மேசைக்குப் போன முதல் நாள் திறந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து இங்கே படிக்க வந்தேன். ரயிலில் ஏற்றிவிட்டவர் அவர்தான். "நல்லா படி" என்றார்.

நான் அங்கே வந்தால் அந்த ஸ்டூலில் உட்கார வேண்டியிருக்கும். அவர் திரும்பிப் பார்ப்பார். அதனால்தான் வரவில்லை. விடுமுறை இருந்தது.

உங்களுக்கு என்மேல் கோபமா?

இடது பக்கம் உட்காருங்கள். அட்டையைக் காட்டுங்கள். விரலைக் குறியில் வையுங்கள். சொல்லுங்கள்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

பதில் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது என் கடிதம். உடம்புக்கு ஏதாவதா என்றும் கவலையாக இருக்கிறது. ஒரு கார்டாவது போடு.

நேற்று பரீட்சை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருடைய பழைய மேசையிலேயே உட்கார வைத்தார்கள். இடது பக்கத்து ஸ்டூலில் நான்.

முள் எடுத்தார், சொன்னார். டயல் எடுத்தார், சொன்னார். பவரை இறக்கினார். நான் குறித்தேன். என் பக்கம் திரும்பினார்.

மேலாளர் "ஆரம்பிங்க சார்" என்றார். நான் "எடுங்க" என்றேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. எதிரே சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மணி காட்டின. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ தர வேண்டியது போல. மேலாளர் எழுந்து வந்து இடுக்கியை வாங்கினார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். "போதும் சார். வீட்ல ரெஸ்ட் எடுங்க."

பேருந்தில் வரும்போது ஒருமுறை "கஞ்சன்" என்றார். நான் "பாலட்" என்றேன்.

அண்ணி


ஜூலை 24

தம்பிக்கு,

அண்ணன் நலம். நான் நலம்.

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு மேசையில் துணி விரித்து, பாலிஷ்காரரின் கடிகாரத்தை வைத்து, அவரைக் கூப்பிட்டேன். முள். டயல். பவரை இறக்கினார். திரும்பினார். அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன், குறியில் விரலை வைத்தேன். "இறக்கியாச்சு" என்றேன்.

"ஊஞ்சல்" என்றார். எடுத்தார்.

கஞ்சன், பல்லன், அவசரக்காரி, தூது, மாமியார், பானை. முக்கால் மணி நேரம். அதற்கு மேல் மாட்டுவதற்கு ஒரு மணி நேரம். ஒரு திருகாணி மிச்சம் இல்லை. சாவி கொடுத்து என் காதில் வைத்தார்.

மறுநாளே கூடத்துக்கு ஓடினேன். மேலாளர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "திங்கட்கிழமை ஆள் போட்டாச்சும்மா. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்" என்றார். அந்த மேசையில் யாரோ ஒருவர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். புத்தகம் படித்ததற்கு இல்லை, சின்ன வயது, கவனம் பிசகியிருக்கும். ஏழு வருடம் சொல்லாததற்கும் இல்லை, அவரே உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் யார்? ஆனால் ஜூன் இரண்டாம் தேதி நான் எழுதிய கடிதம் பன்னிரண்டாம் தேதிக்குள் உன் கைக்கு வந்திருக்கும். பன்னிரண்டிலிருந்து ஜூலை ஆறு வரை இருபத்து நாலு நாள். அந்த இருபத்து நாலு நாளுக்கு இருக்கிறது.

நான் ஒரு தையல் கூடத்தில் காஜா எடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலை போனால் மாலை ஆறுக்குத் திரும்புவேன். அவர் பகலில் தூங்குகிறார், நடக்கிறார், சாயங்காலம் மேசையில் துணி விரித்துக்கொள்கிறார். என்றைக்காவது பேருந்து தாமதமானால், முள்ளையும் டயலையும் எடுத்து வைத்து, பவரை இறக்கிவிட்டு, இடது பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். எவ்வளவு நேரமாக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நேற்று இடுக்கியின் அச்சு விரலில் பதிந்து சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அட்டையைப் பிடித்தேன்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னால் புரிகிறது. அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை.

வருவதாக இருந்தால் தேதி எழுது. வர முடியாதென்றால் அதையும் எழுது. பதில் போடாமல் மட்டும் இருக்காதே.

அண்ணி